ஐம்பத்தெட்டு வயதில் தொடங்கிய பணி



விழா மலரில் கோயில் எழுந்த ஆண்டையும் மணி வாங்கிய செலவையும் எழுதுவது வழக்கம். அவற்றைப் பிறர் எழுதட்டும். வையைக் கரையில் வயல் சூழ்ந்த ஊராயிருந்த நம் கோச்சடை இன்று நகரோடு நகராகிவிட்டது. மில்லிலும் அலுவலகத்திலும் பள்ளியிலும் உழைத்து ஓய்வு பெற்றோர் பலர் இங்கு உள்ளனர். பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட, கதவைச் சாத்திக்கொண்டு தனித்திருக்கும் முதியோரும் அதே தெருக்களில்தான் உள்ளனர். இவ்விரு சாராரைப் பற்றியே எழுத விரும்புகிறோம்.

முதலில் நம் பிழையைச் சொல்லிவிடுகிறோம். நற்கருணை வாங்க வரும் மூதாட்டி ஒருவர் எப்போதும் வரிசை தவறுவார், படியில் தடுமாறுவார். ஒரு ஞாயிறன்று, "பார்த்து வரக்கூடாதா அம்மா?" என்று பலர் முன்னிலையில் கடிந்துகொண்டோம். அவருக்கு இரு கண்களிலும் புரை முற்றியிருந்தது. அதை நமக்கு வந்து சொன்னவர், ஓய்வு பெற்ற மில் தொழிலாளி ஒருவர்.

கண்புரை என்றதும் மதுரைக்காரர் எவருக்கும் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியின் நினைவு வரும். 1918-ல் வடமலாபுரத்தில் பிறந்தவர். இராணுவ மருத்துவராகப் பணியாற்றியவர். கடும் மூட்டுவாத நோய் அவரைப் படுக்கையில் தள்ளி, கைவிரல்களையும் முறுக்கிவிட்டது. மகப்பேறு மருத்துவராக விரும்பியவர் அதைக் கைவிட்டுக் கண் மருத்துவம் கற்றார். அதே விரல்களால் கத்தி பிடிக்கவும் பழகினார். தம் வாழ்நாளில் அவர் செய்த கண் அறுவைகள் ஒரு இலட்சத்துக்கும் மேல். அவர் நம் சபையினர் அல்லர்; அரவிந்தரின் நெறியில் நின்றவர். அதனால் என்ன?

1976-ல் 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அன்றைய விதி அப்படி; நம் மாநிலத்தில் ஓய்வு வயது 60 ஆனது 2021-ல்தான். ஓய்வு பெற்ற அதே ஆண்டில், உடன்பிறந்தோரின் துணையோடு, 11 படுக்கைகள் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனையை மதுரையில் தொடங்கினார். கொடுக்க முடிந்தவர் கொடுத்தனர், முடியாதவருக்கு இலவசம்.

இலவசம் என்ற பின்னும் முதியோர் பலர் வரவில்லை என்பதே இவ்வரலாற்றில் நாம் உற்று நோக்க வேண்டிய இடம். பேருந்துக் கட்டணம் இல்லை. வெளியூரில் சாப்பாட்டுக்கு வழியில்லை. கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். "இந்த வயதில் கண் எதற்கு?" என்ற பேச்சு வேறு. ஆகவே ஊர்தோறும் முகாம் நடத்தி, வண்டி வைத்து அழைத்துவந்து, உணவும் கொடுக்க வேண்டியதாயிற்று. முகாமுக்கு ஆள் திரட்டியவர்கள் உள்ளூர்ச் சங்கங்களும் பள்ளிகளும் கோயில்களும்தாம். கத்தி பிடிப்பது மருத்துவர் வேலை. திண்ணையில் கிடக்கும் கிழவரைப் பேசி இணக்கி, கை பிடித்து வண்டியேற்றுவதற்கு மருத்துவப் படிப்பு எதற்கு?

பிரான்சு நாட்டில் 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பார்வையிழந்த ஏழைக் கைம்பெண் ஒருவரைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தம் படுக்கையையே கொடுத்தார் ழான் ஜுகான். அப்போது அவருக்கு 47 வயது. அச்செயலிலிருந்து வளர்ந்ததே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. அது 1882-ல் கல்கத்தாவுக்கு வந்தது. 2009-ல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

நம் பங்கு மண்டபத்தில் புதன்கிழமைதோறும் முதியோர் கூடுகிறார்கள். முதல் வாரம் தொண்டு செய்ய வந்த ஓய்வு பெற்றோருக்கு நாற்காலி போதவில்லை. நான்காம் வாரம் நால்வரே மிஞ்சினர். அதிகாரியாய் இருந்தவருக்குத் தண்ணீர்க் குடம் தூக்கக் கை வரவில்லை போலும்! மிஞ்சியவர்களுள் ஒருவர் செய்தித்தாள் வாசிக்கிறார். இன்னொருவர் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தருகிறார். 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய திட்டம் அது. இன்றும் அதற்கு மனு எழுத ஆள் வேண்டியிருக்கிறது.

அந்த மில் தொழிலாளியே மூதாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார், இரவு தங்கினார், ஆறு வாரம் சொட்டு மருந்தும் விட்டார். கட்டு அவிழ்த்த பின் வந்த ஞாயிறு, மூதாட்டி வரிசை தவறாமல் வந்தார். பூசை முடிந்ததும் நம் முகத்தை உற்றுப் பார்த்து, "சாமி, உங்களுக்கு இவ்வளவு நரையா!" என்றார்.