சாலைக்கு வரி தருவோரும் சாலையைத் தீர்மானிப்போரும்: பாடாங் செராய் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், கூலிம் மாவட்டத்தில், சுங்கைப்பட்டாணிக்கும் கூலிம் நகருக்கும் இடையே அமைந்த சிறு நகரம் பாடாங் செராய். ஹென்றியேட்டா, விக்டோரியா, பாடாங் மேஹா முதலிய ரப்பர்த் தோட்டங்களின் பெயர்கள் இன்றும் இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் வாழ்கின்றன. 1996ஆம் ஆண்டு கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அதன்பின் பால்மரக் காடுகள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. தோட்ட லாரிகளுக்காக இடப்பட்ட சாலைகளில் தொழிற்சாலைப் பேருந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் நெருக்கின.

இத்தகைய நகரங்களில் சாலையை அகலப்படுத்துவது குறித்த பேச்சு எழும்போதெல்லாம் இரு கருத்துகள் எதிரெதிரே நிற்கின்றன. பள்ளி செல்லும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் வேலைக்குச் செல்வோரின் நேரத்துக்கும் அகலமான சாலை இன்றியமையாதது என்பது ஒன்று. கடை முகப்பையும் வீட்டு வாசலையும் கோயில் மதிலையும் இழந்து, அதற்கான செலவையும் நாமே வரியாகச் சுமக்க வேண்டுமா என்பது மற்றொன்று. இவ்விரண்டில் எது சரி என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. இவ்விவாதம் எங்கே நடைபெற வேண்டும், யார் முன்னிலையில் நடைபெற வேண்டும் என்ற வினா நம் நாட்டில் எவ்வாறு விடையின்றிப் போயிற்று என்பதையும், தோட்டத் தமிழரின் வரலாறு அவ்வினாவை எவ்வாறு மேலும் சிக்கலாக்கியது என்பதையும் ஆராய்வதே இதன் நோக்கமாகும்.

தோட்டத்திற்காகப் பிறந்த சாலை

கெடாவின் நவீன நிதி நிருவாகம் கடன் நெருக்கடி ஒன்றிலிருந்து பிறந்தது. 1904ஆம் ஆண்டு சுல்தான் அப்துல் ஹமிட் தம் பிள்ளைகளுக்கு நடத்திய திருமணங்களின் பெருஞ்செலவு அரசின் கருவூலத்தை வெறுமையாக்கியது. மறு ஆண்டு சயாம் அரசிடமிருந்து 26 இலட்சம் டாலர் கடன் பெறப்பட்டது. அதற்கு ஈடாக நிதி ஆலோசகர் ஒருவரையும், மாநில ஆட்சி மன்றம் ஒன்றையும் கெடா ஏற்க நேர்ந்தது. 1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷ் ஆதிக்கத்தின் கீழ் வந்தபோது, வரவு செலவுக் கணக்கை ஆலோசகரின் கண்காணிப்பில் நடத்தும் முறை ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. அரசு வருவாயில் அபின் குத்தகைக்கு அக்காலத்தில் முதன்மையான இடம் இருந்தது என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

இதே காலத்தில்தான் தென்கெடாவில் ரப்பர் பரவியது. பினாங்குத் துறைமுகமும் வெல்லெஸ்லி மாகாணமும் அருகில் இருந்தமையால் கூலிம் வட்டாரம் முதலீட்டாளர்களைக் கவர்ந்தது. ரப்பர்த் தாள்களைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லச் சாலை தேவைப்பட்டது. மலாயாவெங்கும் பொதுப்பணி இலாகாவிலும் இரயில்வேயிலும் சாலையும் தண்டவாளமும் இடும் வேலையில் தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் அமர்த்தப்பட்டனர். தோட்டத்தின் உட்சாலைகளைத் தோட்டத் தொழிலாளரே வெட்டிச் செப்பனிட்டனர். எனவே சாலையின் திசை, அகலம், தரம் ஆகிய மூன்றையும் தோட்டத்தின் தேவையே முடிவு செய்தது. அதனை இட்டவரிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் தொடக்கத்திலேயே இருக்கவில்லை.

வேலிக்கு உள்ளே, கணக்குக்கு வெளியே

தோட்டம் தனியார் நிலம். லயன் வீடு நிருவாகத்தின் உடைமை. அங்கு வாழ்ந்தவர் தம் பெயரில் மதிப்பீட்டு வரி செலுத்தவில்லை. அதனால் ஊராட்சி மன்றத்தின் குப்பை வண்டியையோ தெருவிளக்கையோ உரிமையுடன் கேட்கும் நிலையிலும் அவர் இல்லை. விடுதலைக்குப் பின், 1960களில் துன் அப்துல் ரசாக் முன்னின்று நடத்திய ஊரக மேம்பாட்டுத் திட்டங்கள் கம்பங்களுக்குச் சாலையும் குடிநீரும் கொண்டு சென்றபோதும், தோட்டங்கள் தனியார் உடைமை என்ற காரணத்தால் பெரும்பாலும் அவற்றுக்கு வெளியே நின்றன.

சாலைக்கான மானிய முறையும் இதே எல்லைக்கோட்டைப் பின்பற்றியது. கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆம் பிரிவும் பத்தாம் அட்டவணையும் மாநிலங்களுக்குச் சாலை மானியம் வழங்க வகை செய்கின்றன. மாநிலச் சாலைகளின் நீளமும், அவற்றைப் பராமரிக்க ஆகும் சராசரிச் செலவும் அம்மானியத்தின் அடிப்படை. அரசுப் பதிவில் ஏறிய சாலைக்குத்தான் மானியம் உண்டு. தோட்டத்தின் உட்சாலை, எத்தனை தலைமுறை அதன்மீது நடந்திருந்தாலும், பதிவில் இல்லையெனில் அக்கணக்கில் இடம்பெறாது. தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட பின்னரும் சில சாலைகள் யாருடைய பொறுப்பிலும் சேராமல் குழிகளுடன் கிடந்தமைக்கு இது ஒரு முக்கிய காரணம்.

இந்நிலைக்கு மாறான முயற்சி ஒன்றும் கெடாவிலேயே வேர்கொண்டது. தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம் ஆகும். பணம் செலுத்தியவரே உறுப்பினர். உறுப்பினரே நிருவாகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையாளர் என்பது கூட்டுறவின் அடிப்படை. செலவைத் தாங்குபவருக்கு முடிவில் பங்குண்டு என்னும் இவ்விதி, தோட்டத்து வேலிக்கு அப்பால் உள்ள ஊராட்சியில் அதே பத்தாண்டில்தான் கைவிடப்பட்டது.

1965: வாக்குப்பெட்டி மூடப்பட்ட ஆண்டு

மலாயாவில் ஊராட்சித் தேர்தல் நாடாளுமன்றத் தேர்தலுக்கு முற்பட்டது. 1951 டிசம்பரில் ஜோர்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்துக்குத் தேர்தல் நடைபெற்றது. அடுத்த ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்றது. 1957ஆம் ஆண்டு ஜோர்ஜ்டவுன் மாநகராகியபோது அதன் முதல் மேயராக டி. எஸ். இராமநாதன் பொறுப்பேற்றார். சாலை, வடிகால், தெருவிளக்கு ஆகியவற்றின் செலவைப் பற்றி வரி செலுத்துவோர் தம் பிரதிநிதியை நேரில் வினவக் கூடிய காலம் அது.

1965 மார்ச் 1ஆம் நாள், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணமாகக் காட்டி, அவசரகால விதிகளின் கீழ் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டு அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குச் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமை ஏற்றார். ஆணையம் 1968இல் நிறைவு செய்த அறிக்கை, தேர்தல் வழி அமையும் ஊராட்சி மன்றங்களே மீண்டும் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தல் ஏற்பாடுகளைச் செயலற்றனவாக்கியது. மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறை நிலைபெற்றது. தலைவர் நீங்கலாக 8 முதல் 24 பேர் வரை நியமிக்கலாம். தேர்தலை மீட்கப் பினாங்கு மாநிலம் 2012இல் இயற்றிய சட்டமும் 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை.

இச்சட்டத்தின்படி மாவட்டம் முழுவதையும் தழுவிய மன்றங்கள் உருவாயின. பாடாங் செராய் அடங்கிய கூலிம் மாவட்ட மன்றம் 2001இல் நகராண்மைக் கழகமாக உயர்ந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறி வீடமைப்புப் பகுதியில் வீடு வாங்கிய தமிழர் முதன்முறையாக மதிப்பீட்டு வரி செலுத்துவோர் ஆயினர். அவர்கள் வரி செலுத்தத் தொடங்கியபோது வாக்குப்பெட்டி மூடப்பட்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தன. தந்தையர் காலத்தில் தேர்தல் இருந்தும் தோட்டத்தார் அதன் எல்லைக்கு வெளியே இருந்தனர். பிள்ளைகள் எல்லைக்குள் வந்தபோது தேர்தல் இல்லை. தோட்டத் தமிழரின் ஊராட்சி வரலாற்றை இவ்வாறு சுருக்கிக் கூறலாம்.

மூன்று பணப்பைகள்

சாலை விரிவாக்கச் செலவு பற்றிய பேச்சில் குழப்பம் மிகுவதற்குக் காரணம், சாலைகள் ஒரே பணப்பையைச் சார்ந்தவை அல்ல என்பதே. கூட்டரசுச் சாலைகளுக்கு மத்திய அரசு பொறுப்பு. மாநிலச் சாலைகளை மாநிலப் பொதுப்பணி இலாகா கவனிக்கிறது. வீடமைப்புப் பகுதியின் உட்தெருக்கள் ஊராட்சி மன்றத்தைச் சார்ந்தவை. வாகன உரிமையாளர் ஆண்டுதோறும் கட்டும் சாலை வரி மத்திய அரசுக்குச் செல்கிறது. தம் வீட்டின் முன்னுள்ள தெருவுக்கே அது செலவாகும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. வீட்டுக்குக் கட்டும் மதிப்பீட்டு வரியே ஊராட்சி மன்றத்தை அடைகிறது. ஆண்டு மதிப்பின் அடிப்படையில் விதிக்கப்படுமாயின் அது 35 விழுக்காட்டை மிஞ்சலாகாது என்று சட்டம் வரையறுக்கிறது.

ஆகவே ஒரு சாலை அகலப்படும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எந்தப் பையின் சாலை என்பதாகும். விடை தெரியாதவிடத்து, குடியிருப்பாளர் நகராண்மைக் கழகத்தை வினவுவர். அது பொதுப்பணி இலாகாவைச் சுட்டும். இலாகா மத்திய ஒதுக்கீட்டைச் சுட்டும். வரி கட்டியவரின் கேள்விக்கு முகவரியே இல்லாமற் போகிறது.

நிலம் இழப்பவர் யார்?

சாலை விரிவாக்கத்தில் பணத்தைவிட ஆழமான செலவு நிலம். 1960ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், நிலத்தில் உரிமை கோருவோருக்கு விசாரணையும் இழப்பீடும் உறுதி செய்கிறது. இழப்பீட்டுத் தொகை போதாதெனில் உயர் நீதிமன்றத்தை நாடவும் இடமளிக்கிறது. ஆயினும், உரிமையாளரின் விருப்பம் உள்ளவரை மட்டுமே குடியிருப்பவரை அச்சட்டம் இழப்பீடு கோரும் உரிமையுடையோர் பட்டியலில் சேர்க்கவில்லை. வேலையை ஒட்டி லயன் வீட்டில் குடியிருந்தவரின் நிலை இதற்கு மிக நெருக்கமானது. கோயிலின் நிலையும் இத்தகையதே. தோட்ட நிருவாகத்தின் வாய்மொழி இசைவுடன் சாலையோரம் எழுந்த மாரியம்மன் கோயில், நிலம் கைமாறிச் சாலை அகலும்போது பட்டா இல்லாத கட்டடமாகிவிடுகிறது. மூன்று தலைமுறை வழிபாடு நிலப்பதிவேட்டில் ஒரு வரியாகவும் இடம்பெறுவதில்லை.

பட்டா உள்ளவரின் குரலுக்கும் இல்லாதவரின் குரலுக்கும் உள்ள வேறுபாட்டை நகர்ப்புற எடுத்துக்காட்டுகள் தெளிவாக்குகின்றன. பெட்டாலிங் ஜெயாவில் கின்ராரா–டாமன்சாரா விரைவுச்சாலைத் திட்டத்தை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் அணிதிரண்டனர். 2015இல் சிலாங்கூர் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. கோலாலம்பூரின் ரிம்பா கியாரா பூங்கா வழக்கில், அங்கு எழவிருந்த அடுக்குமாடித் திட்டத்துக்கான அனுமதி செல்லாது என 2023இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திட்டமிடல் முடிவுகளைக் கேள்வி கேட்க அண்டைக் குடியிருப்பாளருக்கு உள்ள தகுதியையும் ஏற்றது. ஆனால் அதே பூங்காவின் ஓரத்தில், முன்னாள் புக்கிட் கியாரா ரப்பர்த் தோட்டத்துக் குடும்பங்கள் 1980களின் தொடக்கம் முதல் தற்காலிக நீள்வீடுகளில் நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்தன. பூங்காவைக் காத்தவர் கோரிக்கையும் நியாயமானது. வீட்டுக்குக் காத்திருந்தவர் கோரிக்கையும் நியாயமானது. முன்னவர் பட்டாவுடன் வழக்காட முடிந்தது; பின்னவரிடம் பட்டா இல்லை.

அகலம் மட்டும் போதுமா?

செலவைப் பற்றிய ஐயம் வெறும் கஞ்சத்தனமன்று என்பதையும் சுட்ட வேண்டும். நெரிசல் நேரத்தில் விரைவுச்சாலை எவ்வளவு அகன்றாலும் வாகனங்கள் பெருகி அதனை நிரப்பிவிடும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோணி டௌன்ஸ் 1962இலேயே விளக்கினார். அமெரிக்கப் பெருநகரங்களை ஆராய்ந்த டுராண்டன், டர்னர் ஆகியோரும் 2011இல், நெடுஞ்சாலைத் தடங்களின் நீளம் கூடும் விகிதத்திலேயே வாகனப் பயணமும் கூடுகிறது என்று காட்டினர். பெருநகர முடிவை அப்படியே சிறு நகருக்குப் பொருத்துதல் கூடாது. எனினும் நடைபாதை, மோட்டார் சைக்கிள் தடம், வடிகால், பேருந்துச் சேவை ஆகியவற்றுக்கு அதே தொகை எவ்வளவு பயன் தரும் என்ற ஒப்பீட்டை வரி செலுத்துவோர் கேட்பதில் தவறில்லை.

முடிவுரை

பாடாங் செராய் வட்டாரத்தில் சாலையை இட்டவர் ஒருவர், அதன் பயனை முதலில் பெற்றவர் வேறொருவர், இன்று செலவைச் சுமப்பவர் மற்றொருவர், முடிவு செய்பவர் பிறிதொருவர். இந்நால்வரும் ஓர் அவையில் அமர வழியில்லாதிருப்பதே சாலை விரிவாக்க விவாதத்தின் உண்மையான குறை. ஆதி நாகப்பன் ஆணையத்தின் பரிந்துரை இன்றும் படிக்கத் தக்கதாக இருப்பது இதனால்தான்.

தேர்தல் திரும்பும் வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. 1976ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டப்படி, வட்டாரத் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்கலாம். சாலை எத்தனை அடி அகலும் என்பது பெரும்பாலும் அவ்வரைவிலேயே கோடாக வரையப்பட்டுவிடுகிறது. வேலை தொடங்கிய பின் எழும் கூக்குரலைவிட, வரைவுக் காலத்தில் அளிக்கும் ஒரு பக்கக் கடிதம் வலிமையுடையது.

தமிழாசிரியர்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. பள்ளியின் முன்னுள்ள சாலை எப்போது, யாரால் இடப்பட்டது, எந்த அரசின் பதிவில் உள்ளது, கோயில் நிலம் யார் பெயரில் உள்ளது என்பவற்றை முதியோரிடமும் நில அலுவலகத்திலும் கேட்டு எழுதும் பயிற்சியை உயர்நிலை மாணவர்க்கு அளிக்கலாம். அவ்வேடு வட்டார வரலாற்றுக்குச் சான்றாகும். சாலையை அளக்க அதிகாரிகள் வரும் நாளில் அது ஊராரின் கையிலும் இருக்கும்.