கோலம்: சொல்லும் கோடும்

தீபாவளி நெருங்கினால் பினாங்குப் பேரங்காடிகளின் தரையில் மயில் தோகை விரிக்கும். சாயமேற்றிய அரிசியால் ஆன மயில். சுண்ணக்கட்டியால் உருவத்தை வரைந்துகொண்டு, உள்ளே நிறம் நிறமாக அரிசியைப் பரப்பி, விளிம்பை விரலால் ஒதுக்கிச் சீர்செய்வார்கள். அதற்கும் கோலம் என்றுதான் பெயர். வாசலில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பதற்கும் அதே பெயர்.

கோலம் என்றால் தோற்றம், உருவம், ஒப்பனை. திருக்கோலம், மணக்கோலம், தவக்கோலம் என்னும்போது மாவோ தரையோ நினைவுக்கு வருவதில்லை. ஒழுங்கு குலைந்தால் அலங்கோலம். வடகேரளத் தெய்யத்தில் தெய்வ வேடம் கட்டி ஆடும் உருவமே கோலம். இலங்கையின் அம்பலாங்கொடையில் சிங்களவர் ஆடும் முகமூடிக் கூத்துக்கும் அதுவே பெயர். நாச்சியார் திருமொழியின் தொடக்கத்தில் ஆண்டாள் தை மாதத்தில் தரையைத் துலக்கிக் கோலமிட்டு, மாசியின் முற்பகுதியில் நுண்மணலால் தெருவை அழகுசெய்கிறாள். தரையில் இடுவதற்கு அவள் அங்கே ஆளும் சொல் மண்டலம். தரையில் இடும் வழக்கம் முந்தியது, கோலம் என்ற பெயர் அதற்குப் பிந்தி வந்தது என்றே எண்ணுகிறேன். மண்ணுக்குச் செய்யும் ஒப்பனைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது.

புள்ளி, கோடு, வடிவம், வண்ணம், வெளி ஆகியவற்றைக் கலையின் அடிப்படைக் கூறுகள் என்று ஓவிய வகுப்பில் கற்பிப்பார்கள். சிக்குக் கோலம் போடுகிறவருக்கு அவற்றில் பெரும்பகுதி கைப்பழக்கம். கோடு புள்ளியைத் தொடாமல் வளைந்து வளைந்து சென்று, புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர வேண்டும். இடையில் விடும் வெறுந்தரைக்கும் கோலத்தில் சமபங்கு உண்டு. இந்த ஒழுங்கைத்தான் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி 1970களில் கணித இலக்கணமாக ஆராய்ந்தார்.

கோட்டின் வலிமையைப் பினாங்கின் ஜோர்ஜ்டவுனிலேயே பார்க்கலாம். 2008இல் நகரம் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபின், மாநில அரசின் முயற்சியில் தெருச் சுவர்களில் இரும்புக் கம்பிக் கேலிச்சித்திரங்கள் ஏறின. வளைந்த கம்பியும் பின்னால் தெரியும் பழஞ்சுவரும், அவ்வளவுதான். ஊரின் வரலாறு அதில் பேசுகிறது. 2012இல் ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிக் ஆர்மீனியன் தெருவில் தீட்டிய சைக்கிள் குழந்தைகள் முன்னால்தான் கூட்டம் நிற்கிறது. என் கண்ணோ கம்பிகளை விட்டு நகர மறுக்கிறது. சிக்குக் கோலத்துக்குக் கம்பிக் கோலம் என்றும் ஒரு பெயர் உண்டே!

அரிசி மயில் கோலமே இல்லை என்பாரோடு நான் சேரமாட்டேன். ஒப்பனை என்ற பழம்பொருளே அதற்கு அந்தப் பெயரைத் தந்துவிடுகிறது. ஆனால் அரிசி விழுந்ததும் கோடு மறைகிறது. புள்ளிக்கோ அங்கு வேலையே இல்லை. மயிலை மட்டும் பார்த்து வளரும் பிள்ளை கோலத்தின் பாதியைத்தான் பார்க்கிறது.

வரும் தீபாவளிக்கும் பேரங்காடிகளில் மயில்கள் விரியட்டும். அடுக்குமாடி வீடானாலும் கதவுக்கு முன்னால் ஒரு முழ இடம் இருக்கும். அங்கே உங்கள் பிள்ளைகளைப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கோட்டை அவர்களே இழுக்கட்டும்.