சியேனம்

வல்லூறு, இராசாளி முதலிய வேட்டைப் பறவைகளைக் குறிக்கும் 'சியேனம்' என்னும் வடசொல், விண்ணினின்று சோமத்தைக் கொணர்ந்த பட்சியின் நாமமாக ரிக்வேதத்தில் பயில்வதோடு, சிறகு விரித்த வடிவில் செங்கல் அடுக்கிய வேள்விமேடையாகிய 'சியேனசிதி'யிலும் நிலைபெற்றுள்ளது. பாரசீகர் போற்றும் 'சீமுர்க்' என்ற மகாபட்சியின் பெயரும் இதனோடு உறவுடையதே.

இச்சொல்லடியாகவே, 16ஆம் நூற்றாண்டில் குமாவோன் மன்னர் ருத்ரதேவர் வேட்டைப் பறவைகளைப் பழக்குவது பற்றி இயற்றிய 'சியைனிக சாஸ்திரம்' பெயர்பெற்றது. பிடித்த பறவையின் கண்ணை மறைத்து, கையுறையணிந்த முன்கையில் அமர்த்தி, இறைச்சித் துணுக்கு ஊட்டி, மனிதக் குரலுக்குச் சிறிது சிறிதாகப் பழக்கும் பொறுமை மிகுந்த வித்தையை, பறவைகளின் ஆகாரம், நோய், மருந்து ஆகியவற்றோடு சேர்த்துச் சாஸ்திரமாகவே மதித்த அம்மன்னரின் உள்ளம் நம் வணக்கத்துக்குரியது. மகாமகோபாத்தியாய ஹரப்பிரசாத சாஸ்திரி இந்நூலை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1910இல் கல்கத்தாவில் பதிப்பித்தார்.