சலாபக் கணக்கில் இல்லாதவள்

தூத்துக்குடிக் கடலின் வரலாறு பெரும்பாலும் கணக்குப் புத்தகங்களிலிருந்து எழுதப்பட்டது. எத்தனை சிப்பி எடுத்தார்கள், என்ன விலைக்கு ஏலம் போனது, அரசுக்கு எத்தனை பங்கு, முக்குளித்தவருக்கு எத்தனை பங்கு என்பதே அதன் உள்ளடக்கம். போர்த்துக்கீசியர், 1658இல் அவர்களிடமிருந்து ஊரைப் பிடித்த டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று கணக்கெழுதிய கைகள் மாறின. எதை எண்ணுவது என்பது மாறவில்லை. இந்தக் கடல் கெட்ட கதையையும், பெண்கள் அந்தக் கணக்கிலிருந்து விடுபட்ட கதையையும் சேர்த்துப் படித்தால்தான் இரண்டும் விளங்கும்.

மன்னார் வளைகுடாவில் கடலடியில் இருக்கும் பாறைத் திட்டுகளைக் கடலோடிகள் 'பார்' என்பார்கள். தொளாயிரம் பார் போன்ற இடங்களில்தான் முத்துச் சிப்பி விளைந்தது. சிப்பி முற்றிவிட்டதா என்று மாதிரி எடுத்துப் பார்த்த பிறகு அரசு சலாபம் அறிவிக்கும். ஆங்கிலேயர் காலத்தில் சிப்பியும் சங்கும் அரசின் ஏகபோகச் சொத்து. கரையில் குவித்த சிப்பியை நாட்கணக்கில் அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பொறுக்குவார்கள். அந்த நாற்றத்திலும் நெரிசலிலும் சலாபக் கூடாரங்களில் காலரா பரவியதுண்டு.

முக்குளிப்பவரின் கயிற்றைப் படகிலிருந்து பிடிப்பவர் அவருடைய மனைவியின் உடன்பிறந்தவராக இருக்க வேண்டும் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தன் அக்காவோ தங்கையோ தாலி அறுப்பதை எந்த மச்சினனும் விரும்பமாட்டான் என்பது காரணம். பாசத்துக்கு எடுத்துக்காட்டாகவே இது சொல்லப்படுகிறது. நாம் இதை வேறு விதமாகவும் வாசிக்கலாம். முத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்ட அரசு, மூச்சடக்கி மூழ்கியவரின் உயிருக்குப் பொறுப்பேற்கவில்லை. அந்தப் பொறுப்பை ஒரு பெண்ணின் விதவைக்கோலத்தைப் பற்றிய அச்சம் ஏற்றுக்கொண்டது. சலாபம் நடந்ததே அவள் தாலியை நம்பித்தான். ஆனால் பங்குக் கணக்கில் அவளுக்கு ஒரு வரி இல்லை. அதே கடலில் எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய், அங்கே மணமான பெண்களின் கைவளையல் ஆனது.

இந்தக் கரையில் மனிதர் கைபடாமலும் மாற்றங்கள் நடந்திருக்கின்றன. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. முத்தும் ஆண்டுதோறும் கிடைத்ததில்லை. 1862க்குப் பிறகு 1889 வரை தூத்துக்குடியில் சலாபமே நடக்கவில்லை. கடைசியாக 1955 முதல் 1961 வரை நடந்தது. அத்தோடு சரி. இதற்கு முந்தைய இடைவெளிகளுக்குப் பிறகெல்லாம் சிப்பி திரும்பி வந்தது. இம்முறை அது திரும்பி வரவேண்டிய கடலே அடுத்த சில பத்தாண்டுகளில் மாறிப்போனது.

1974 ஜூலை 11 அன்று தூத்துக்குடி நாட்டின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளும் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நிற்கின்றன. 1979இல் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நிலக்கரி கப்பலில் வந்து இறங்கியது. சுடுநீரும் சாம்பலும் பக்கத்து விரிகுடாவுக்கு வந்தன. இன்னொரு பக்கம், தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைப் பல பத்தாண்டுகள் உடைத்துச் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டட வேலைக்கும் கொண்டுபோனார்கள். பாறை போனதும் அலை நேராகத் தீவின் மீது மோதியது. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு 1986இல் ஏறத்தாழ 16 ஹெக்டேர் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்குள் 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. அதைக் காப்பாற்ற இப்போது கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்கி வைத்திருக்கிறார்கள். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன.

கெடுத்த பிறகு காப்பாற்றும் சட்டங்கள் வந்தன. தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை வரிசையாக உள்ள 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001இல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. தேவையான சட்டங்கள்தான். அவை முதலில் யாரைத் தடுத்தன என்று பார்க்க, இதே வளைகுடாவின் வடக்கு முனையில் உள்ள பாம்பன், சின்னப்பாலம் கரைக்குப் போக வேண்டும். அங்கே பெண்கள் தலைமுறைகளாகத் தீவோரத்தில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். அகர் தொழிற்சாலைகளுக்கு மரிக்கொழுந்துப் பாசி எடுத்துக் கொடுத்தவர்கள் இவர்கள். முத்துக் குளித்தவர்களின் பெயரால் இந்தக் கரைக்கே 'முத்துக்குளித்துறை' என்று பெயர் வந்தது. பாசிக்காக மூழ்கிய பெண்களை யாரும் குளியாளி என்று அழைக்கவில்லை.

பூங்காவின் கட்டுப்பாடுகள் இறுகியதும் அவர்கள் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். பாசியைப் பறிமுதல் செய்தார்கள், அபராதம் போட்டார்கள். நூற்றாண்டுகளாக எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பெண் உழைப்பு, குற்றப் பதிவில் முதன்முதலாக இடம்பெற்றது. பெண்கள் சங்கமாகத் திரண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் எடுக்காமல் இருப்பது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடாமல் கையாலேயே பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். அவர்களை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் விருது கிடைத்தது. வேர் விட்டுப் பறித்தால் பாசி மறுபடி தழைக்கும் என்பது அவர்கள் கையறிந்த கல்வி. அதைக் கேட்காமலே அவர்களிடமிருந்து கடலைக் காப்பாற்றக் கிளம்பினோம்.

கையால் பறிப்பதை நிறுத்தினாலும் நிற்காத கேடு ஒன்று உண்டு. 2016இல் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகி, உலகின் பல கடல்களைப் போலவே மன்னார் வளைகுடாவிலும் பவளப்பாறைகள் வெளுத்தன. உயிருள்ள பவளத்தில் ஒரு பகுதி மடிந்தது. எரித்த நிலக்கரியின் புகை காற்றில் சேர்ந்து பூமியைச் சூடாக்க, அந்தச் சூட்டின் பெரும்பகுதியைக் கடல் வாங்கிக்கொள்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரிக்கும் அதில் பங்கு உண்டு. பாசி எடுக்கும் பெண்ணின் பங்கு அதில் எவ்வளவு?

தூத்துக்குடியின் உப்பளங்களிலும் இதே கேள்விதான். விடியும் முன்பே பாத்தியில் இறங்கினால்தான் வெயிலுக்கு முன் வேலை முடியும். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கெடுக்கிறது. மழை மாதங்களில் வேலை இல்லை. அரசு தரும் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது உப்பளங்கள் மூழ்கின, அம்பாரமாகக் குவித்திருந்த உப்பும் கரைந்தது. உப்பளத்துக்கு நட்டக் கணக்கு உண்டு. கூலி இழந்த நாட்களை அவள் தன் விரலில்தான் எண்ண வேண்டும்.

மனிதர்கள் பூமியை மாற்றிவிட்டார்கள் என்று பாடநூல் சொல்லும்போது, எந்த மனிதர்கள் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. ஏலம் விட்டவரையும், பாறையை விலைக்கு வாங்கியவரையும், கரி எரித்தவரையும், பாசி பறித்தவளையும் ஒரே சொல்லில் அடக்கினால் தண்டனை மட்டும் கடைசியில் நிற்பவளுக்குப் போகிறது. கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மாணவிகள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஆச்சியிடம், அம்மாவிடம் கேளுங்கள்: கரையில் எந்தச் சிப்பி காணாமல் போனது, எந்த மீன் வரத்து நின்றது, எந்த வருசத்திலிருந்து? பதிலை அவர்கள் பெயரோடும் தேதியோடும் எழுதி வையுங்கள். சலாபப் புத்தகங்கள் எழுதாமல் விட்ட பக்கங்கள் அவை.