நாம் எந்த ராஜ்யத்தார்?

பிள்ளைகள் மேற்படிப்புக்கு மனுச் செய்யும் பருவம் வந்துவிட்டால், நம் காலனியில் வீடுதோறும் இக்கேள்வி எழுகின்றது. ரயில்வே உத்தியோகத்தில் ஊர் ஊராக மாற்றலாகிச் செல்லும் நம் போன்றோர்க்கு இது வேடிக்கைக் கேள்வி அன்று. சொந்த ஊரில் நாம் வசிப்பதில்லை. வசிக்கும் ஊரிலோ விதி கேட்கும் ஆண்டுகள் நிரம்புவதில்லை. இக்கேள்வி சுப்ரீம் கோர்ட்டுப் படியேறிய வரலாற்றை அன்பர்கள் அறிதல் நலம்.

இந்தூர் மகாத்மா காந்தி நினைவு மருத்துவக் கல்லூரியில், மத்திய பாரத ராஜ்யவாசிகள் காப்பிடேஷன் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஏனையோர் செலுத்த வேண்டியது ரூ. 1,300 அல்லது ரூ. 1,500. அக்காலத்தில் அது ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளம். டில்லிவாசியான டி. பி. ஜோஷி வழக்குத் தொடுத்தார். பிறந்த இடத்தைக் காட்டி வேற்றுமை செய்யலாகாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15-ஆம் ஷரத்து. ஆனால் ‘வசிப்பிடம்’ என்ற சொல் அதில் இல்லை. வழக்கு முழுவதும் இந்த ஒரு சொல்லிலேயே நின்றது. 1955 ஜனவரியில், பிறப்பிடம் வேறு, வசிப்பிடம் வேறு என்று பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி டி. எல். வெங்கடராம அய்யர். (1944-இல் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றவரும் இவரே.) தன் செலவில் நடக்கும் கல்லூரியில் தன் மக்களுக்கு ராஜ்யம் சலுகை காட்டலாம் என்பது முடிவு. நீதிபதி ஜகந்நாததாஸ் ஒருவரே மாறுபட்டார். அந்த நியாயத்தை முற்றும் மறுக்க நம்மால் இயலவில்லை; எனினும் நம் மனம் ஜகந்நாததாஸ் பக்கமே சாய்கின்றது. நாமும் இருக்கும் ஊரிலன்றோ வரி செலுத்துகிறோம்!

அடுத்த திருப்பத்திற்கு 29 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1984-இல் பிரதீப் ஜெயின் வழக்கில் நீதிபதி பகவதி, இந்தியர்க்கு ‘டாமிஸைல்’ ஒன்றே, அது இந்தியா என்றார். ஆயினும் பின்தங்கிய பகுதிகளின் நலன் கருதி வசிப்பிடச் சலுகையை அடியோடு நீக்கவில்லை, எம்.பி.பி.எஸ். வகுப்பில் அதற்கு வரம்பு கட்டினார். 1986-இல் மொத்த இடங்களில் 15 சதவிகிதம் அகில இந்தியப் போட்டிக்கு என்று முறை மாற்றப்பட்டது.

2025 ஜனவரி 29-ஆம் நாள், சண்டிகர் அரசு மருத்துவக் கல்லூரி பற்றிய வழக்கில், மருத்துவப் பட்டமேற்படிப்பில் வசிப்பிட ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. எம்.பி.பி.எஸ். சேர்க்கையிலோ அவ்வொதுக்கீடு நீடிக்கின்றது. ஆதலின் நம் வீட்டுப் பெட்டியில் மூன்று ஊர்ப் பள்ளிச் சான்றிதழ்களையும் இன்னும் பத்திரமாகவே வைத்திருக்கிறோம்.