கொடிமலைப் பாதைகள்

ஒரு நாட்டின் வரலாற்றைக் கோட்டைகளும் மாளிகைகளும் மட்டுமே சொல்வதில்லை, பாதைகளும் சொல்லும். வெட்டியவர் யார், நடந்தவர் யார், சுமந்தவர் யார், சுமக்கப்பட்டவர் யார் என்னும் வினாக்களுக்குப் பழைய பாதைகளிலே விடை கிடைக்கும். பினாங்குத் தீவின் நடுவே எழுந்து நிற்கும் கொடிமலை இதற்குத் தக்க சான்றாகும். 833 மீட்டர் உயரமுள்ள மேற்குக் குன்றை உச்சியாகக் கொண்ட இம்மலைத் தொகுதிக்கு, இன்று பேருந்துக் கட்டணம் கையிலுள்ள எவரும் சென்று நடந்து ஏறலாம். இந்நிலை எளிதில் வந்ததன்று.

காய்ச்சலும் குளிர்காற்றும்

1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். சதுப்பும் காடுமாய் இருந்த கடற்கரைக் குடியிருப்பில் காய்ச்சல் பலரைக் கொண்டு சென்றது. லைட்டும் 1794-இல் மலைக்காய்ச்சலுக்கே பலியானார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை அக்காலத்தவர் அறியார். தாழ்நிலத்தின் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என நம்பினர். ஆகவே குளிர்ந்த உயரத்தைத் தேடினர். 1788-லேயே லைட் மலைமேல் குதிரைப்பாதை ஒன்றை அமைக்கச் செய்தார் என்றும், அங்கு ஸ்ட்ராபெரி பயிரிட முனைந்தார் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இங்ஙனம் தென்கிழக்காசியாவில் ஆங்கிலேயர் அமைத்த முதல் மலைவாசத்தலம் உருவாயிற்று.

மலைமீது ஆளுநர் மாளிகை எழுந்தது. அதனருகே கொடிமரம் நாட்டப்பட்டது. கடலில் கப்பல் தோன்றினால், மலைமேலிருந்து கொடியசைத்துக் கீழேயுள்ள கார்ன்வாலிஸ் கோட்டைக்குச் செய்தி அறிவிப்பர். மலாய் மக்கள் 'புக்கிட் பெண்டேரா' என்றும் தமிழ் மக்கள் 'கொடிமலை' என்றும் வழங்கும் பெயர்கள் இவ்வாறு பிறந்தவையே.

சுமந்தவர்கள்

இரயில் வருவதற்கு முன்னர் வெள்ளை அதிகாரிகளும் செல்வர்களும் எவ்வாறு மலையேறினர்? சிலர் மட்டக்குதிரையில் சென்றனர். பெண்டிரும் நோயாளரும் டோலியில் அமர்ந்தனர். டோலியைத் தூக்கியோர் கூலித் தொழிலாளர். செங்குத்தான வழியில், மழையில் வழுக்கும் மண்ணில், பிறருடைய உடலைத் தோளில் தாங்கி அவர்கள் ஏறினர். உச்சியை அடைந்தபின் அமர்ந்து வந்தவருக்குக் குளிர்காற்று கிடைத்தது. தூக்கி வந்தவருக்குத் திரும்பவும் இறங்கும் வழியே கிடைத்தது.

பினாங்கின் தொடக்ககாலச் சாலைப் பணிகளிலும் இந்தியரின் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இந்தியாவினின்றும் நாடு கடத்தப்பட்ட கைதிகள் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டு அரசுப் பணிகளில் ஈடுபடுத்தப்பட்டனர். ஆளுநர்களின் பெயர்கள் தெருக்களில் நின்றன. மண் வெட்டியவர் பெயர்கள் எங்கும் நிற்கவில்லை.

எனினும் அவர்கள் அடையாளமின்றிப் போய்விடவில்லை. மலையுச்சியில் இன்றும் விளங்கும் அருளொளித் திருமுருகன் கோயில், டோலி தூக்கியவர்களும் காவல் புரிந்தவர்களுமான இந்தியர் வழிபட்ட சிறு சன்னதியிலிருந்து வளர்ந்தது என்பது வழிவழிச் செய்தி. அடிவாரத்திலும் முருகனே வீற்றிருக்கிறான். அருவி பாயும் பள்ளத்தாக்கைத் தமிழர் 'தண்ணீர்மலை' என்றனர். 1857-இல் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் தண்டாயுதபாணி கோயில் அங்கு நிறைவுற்றது. அருவியருகே இருந்த மற்றொரு முருகன் சன்னதி பின்னாளில் குன்றின்மேல் இடம் பெயர்ந்தது. அதன் புதிய ஆலயத்துக்கு 2012-இல் குடமுழுக்கு நடைபெற்றது. அதனை அடைய ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் ஏறவேண்டும். குறிஞ்சிக் கடவுளைக் குன்றுதோறும் கண்ட இனம், கடல்கடந்த பின்னரும் அப்பழக்கத்தை விடவில்லை.

இரயிலும் பேருந்தும்

மலைக்கு இரயில் அமைக்க 1897-இல் தொடங்கிய முதல் முயற்சி தோல்வியுற்றது. பின்னர் வேறொரு முறையில் அமைக்கப்பட்ட இரயில் 1923 அக்டோபரில் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டு, 1924 சனவரி முதல் நாளில் முறைப்படி தொடக்கம் கண்டது. ஒரே இரும்புக் கயிற்றின் இரு முனைகளில் இரு வண்டிகள் பிணைக்கப்பட்டிருக்கும். ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறும். இரயில் வந்தது, டோலியின் காலம் முடிந்தது. மனிதனை மனிதன் சுமக்கும் நிலை ஒழிந்ததே அவ்விரயிலின் பெருஞ்சிறப்பு எனலாம். பழைய வண்டிகள் 2010-இல் ஓய்வு பெற்றன. 2011 முதல் புதிய வண்டிகள் ஓடுகின்றன.

அடிவாரத்தை அடையும் வழியும் மாறிற்று. ஜார்ஜ் டவுனிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை ஒருகாலத்தில் டிராம் வண்டிகள் ஓடின. பின்னர் மின்கம்பி வழி இயங்கும் பேருந்துகளும், அதன்பின் இன்றைய பேருந்துகளும் வந்தன. இப்பொழுது 204-ஆம் எண் பேருந்து மலை இரயில் நிலையத்துக்கும், 10-ஆம் எண் பேருந்து தாவரவியல் பூங்காவுக்கும் செல்கின்றன. ஆளுநர்கள் குதிரையேறிச் சென்ற மலைக்குத் தொழிலாளி தன் பிள்ளையுடன் பேருந்தில் செல்கிறான்.

தாவரவியல் பூங்கா 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் என்பவரின் முயற்சியால் பழைய கருங்கல் வெட்டுமிடத்தில் உருவானது. அதன் வாயிலுக்குச் சற்று முன்னர் சாலையோரத்தில் சீன மரபிலான வட்டவாயில் ஒன்று நிற்கிறது; அதனை நிலாவாயில் என்பர். அதனுள் நுழைந்தால் மலைப்பாதை தொடங்கும். மரவேர்களே படிகளாகும், கண்களைச் சுற்றி வெண்வளையம் கொண்ட கருங்குரங்குகள் கிளைகளில் அமர்ந்து நோக்கும். மூச்சு வாங்க மேலேறினால், '84' என்று நடையர்கள் அழைக்கும் தங்குமிடத்தில் பாதை ஜீப்பு வழியோடு சேரும். அங்கே தொண்டர்கள் வைக்கும் சூடான தேநீரை மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற வேறுபாடின்றி அனைவரும் அருந்துவர். பூங்கா வாயிலிலிருந்து உச்சி வரை ஜீப்பு வழியின் நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர்.

காட்டின் குரல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிளகு, சாதிக்காய், கிராம்புத் தோட்டங்களுக்காக மலைச்சரிவுகளில் காடு அழிக்கப்பட்டது. 1848-இல் பினாங்கு வழக்கறிஞரும் இதழாசிரியருமான ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், மலைக்காடுகளைத் தொடர்ந்து அழித்தால் தீவின் தட்பவெப்பமே கெடும் என்று கட்டுரை வரைந்து எச்சரித்தார். மலைக்காடு மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக ஈகிறது. அந்த ஓடைகளே நகருக்குக் குடிநீர் தந்தன. ஆயினும் காப்புக்காடுகள் அமைவதற்கு அந்நூற்றாண்டின் இறுதிப்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1990-ஆம் ஆண்டையொட்டி, கொடிமலையைப் பெரும் உல்லாசத் தலமாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. பொதுமக்கள் திரண்டு எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. 2017 நவம்பரில் பெய்த பெருமழையில் மலையின் பல இடங்களில் மண் சரிந்து பாதைகள் சிதைந்தன. சரிவான நிலத்தில் மண்ணைப் பிடித்து நிறுத்தும் மரவேர்களின் அருமையை அந்நாள்கள் உணர்த்தின. 2021-இல் ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் கொடிமலையையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. அதன் பரப்பு 12,481 எக்டேர்.

பட்டயம் மட்டும் காட்டைக் காப்பதில்லை. பழகிய மக்களே காப்பர். தாம் நடந்த பாதையை, நீர் அருந்திய ஓடையை, நிழல் தந்த மரத்தை ஒருவர் எளிதில் விட்டுக்கொடுக்கமாட்டார்; காணாத காட்டுக்காகக் குரல் எழுப்புவோரோ சிலரே.

மாணவர்க்கு உரிய மலை

கல்விச் சுற்றுலா என்றதும் தொலைவான நகரங்களும் பெருஞ்செலவும் நினைவுக்கு வருகின்றன. ஏழைப் பெற்றோர் தயங்குகின்றனர். பினாங்குத் தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு ஒரு பேருந்துப் பயணத்தின் முடிவில் வரலாறும் அறிவியலும் நிலநூலும் ஒன்றாய்க் காத்திருக்கின்றன. தண்ணீரும் தக்க காலணியும் துணைக்கு ஆசிரியரும் இருந்தாற் போதும். முற்பகலிலேயே ஏறி, மழைக்கு முன் திரும்பிவிடலாம்.

அவ்வாறு ஏறும் பிள்ளைகளிடம் ஆசிரியர் ஒன்றைக் கூறவேண்டும். ஒருகாலத்தில் இம்மலைச்சரிவில் பிறரைச் சுமந்து ஏறிய தோள்கள் இருந்தன. அத்தோள்களுக்கு உரியவர்களின் பெயர்கள் ஏட்டில் இல்லை. ஆனால் அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எவரையும் சுமக்காமல், எவராலும் சுமக்கப்படாமல், தம் சொந்தக் கால்களால் அம்மலையை ஏறுகின்றனர். கொடிமலையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை.