வலை எனப் பெயர் பெற்ற திரை

எமக்கு நஹ்வும் ஸர்ஃபும் கற்பித்த முதிய ஹஜ்ரத் ஒருவரைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் வந்தது. கிதாபின் வரிகள் வளைந்து நெளிவதாகவும், பக்கத்தின் நடுவே புகை படிந்தாற்போல் இருப்பதாகவும் அவர் கூறிவந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவருக்குச் சர்க்கரை நோய். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் கண்ணின் உட்புறத்தைச் சோதித்துக்கொண்டதில்லை. ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், "அது இதயத்துக்கு அல்லவா எடுப்பார்கள்?" என்றார். கையில் ஊசி போட வந்த செவிலியரிடம், "நோய் கண்ணில், ஊசி கையிலா அம்மா?" என்று கேட்டார். அவர் சிரித்தாரே தவிர விடை சொல்லவில்லை. எமக்கும் அன்று விடை தெரியாது. பின்னர் தேடிப் படித்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

விழித்திரைக்கு அரபியில் ஷபகிய்யா என்று பெயர். ஷபகா என்றால் வலை. இன்றைய மாணவர்களுக்கு அச்சொல் இணையம் என்ற பொருளிலேயே முதலில் அறிமுகமாகிறது! கண்ணின் உட்புறத்தில் படிந்துள்ள மெல்லிய படலத்தை மீன் வலைக்கு ஒப்பிட்டவர்கள் கிரேக்க மருத்துவர்கள். அவர்களுடைய நூல்களை ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் அரபியாக்கியவர்களுள் தலையாயவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். அவர் கிறிஸ்தவர் என்பதை நம் மேடைகளில் பலரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்த வலை அரபியிலிருந்து இலத்தீனுக்குச் சென்று ரெட்டினா ஆயிற்று. இன்று எந்தக் கண் மருத்துவமனையிலும் ஒலிக்கும் அச்சொல் அரபு வழியே வந்ததுதான்.

ஆயினும், இப்பெயரை இட்டவர்களும் மொழிபெயர்த்தவர்களும் உயிருள்ள கண்ணில் அந்த வலையைக் கண்டவர்கள் அல்லர். இவ்விடத்தில் நாம் சற்று நிதானிக்க வேண்டும். எல்லாவற்றையும் நம் முன்னோர்களே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எழுதுவது எளிது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைஸம், கண்ணிலிருந்து கதிர் வெளியேறிப் பொருளைத் தொடுவதால்தான் காண்கிறோம் என்ற கொள்கையைத் தமது கிதாபுல் மனாழிரில் மறுத்தார். பொருளிலிருந்தே ஒளி கண்ணுக்கு வருகிறது என்று நிறுவினார். அது மாபெரும் சாதனை. ஆனால் பார்வையின் இருப்பிடம் விழித்திரை என்று அவர் கருதவில்லை. விழிவில்லையே அது என்று கருதினார். விழித்திரைமீது பிம்பம் தலைகீழாக விழுகிறது என்பதை 1604-இல் விளக்கியவர் கெப்ளர்.

இரத்த ஓட்டத்தின் வரலாற்றிலும் நமக்குரிய பங்கு உண்டு. 1288-இல் கெய்ரோவில் மறைந்த இப்னுந் நஃபீஸ், இதயத்தின் வலப்புறத்து இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்று எழுதினார். இதயத்தின் நடுச்சுவரில் துளைகள் உண்டு என்ற பழங்கொள்கையை அவர் ஏற்கவில்லை. பெர்லின் நூலகம் ஒன்றில் உறங்கிய அந்தக் கையெழுத்துப் பிரதியை 1924-இல் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவி வெளிக்கொணரும்வரை உலகம் அதை மறந்தே இருந்தது. கண் மருத்துவத்துக்கும் இப்னுந் நஃபீஸ் தனி நூல் எழுதியிருக்கிறார். இரத்தத்தின் பாதையையும் கண்ணையும் ஒருங்கே ஆராய்ந்த அம்மேதைக்கும் கண்ணுக்குள் ஓடும் இரத்தத்தைக் காணும் வழி இருக்கவில்லை.

தடை எதுவெனில், கருமணியின் கருமைதான். கண்ணுக்குள் புகும் ஒளி, வந்த வழியே திரும்புகிறது. அதைக் காண வேண்டுமானால் விளக்கு இருக்கும் இடத்தில் நம் கண் இருக்க வேண்டும். அங்கே தலையை வைத்தாலோ விளக்கு மறைந்துவிடும். 1847-இல் ஆங்கிலேயர் சார்லஸ் பாபேஜ் இதற்கு ஒரு கருவி செய்தார். அதைப் பார்த்த கண் மருத்துவர் அதன் பயனை உணரவில்லை. 1850-இன் இறுதியில் கோனிக்ஸ்பர்க் நகரப் பேராசிரியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்த்து வைத்தார். அவை விளக்கொளியைக் கண்ணுக்குள் திருப்பின. திரும்பி வந்த ஒளியைத் தம்மூடே விட்டன. உடலைக் கீறாமல் இரத்தக் குழாய்களை நேரே காணத்தக்க இடம் ஒன்று மனிதனுக்குக் கிடைத்தது.

1886-இல் விழித்திரையைப் புகைப்படம் எடுத்தார்கள். அதற்கு நோயாளி இரண்டரை நிமிடம் அசையாதிருக்க வேண்டியிருந்தது. 1926-இல் ஸைஸ் நிறுவனத்தின் கேமரா வந்தது. எனினும் ஆற்றங்கரையில் நின்று எடுத்த ஒரே படத்தைக் கொண்டு நீர் எவ்வளவு விரைந்து ஓடுகிறது, கரை எங்கே கசிகிறது என்று சொல்ல இயலுமா?

விடையைத் தந்தவர்கள் இரண்டு மாணவர்கள். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற ஹெரால்ட் நோவாட்னி, டேவிட் ஆல்விஸ் ஆகிய இருவரும் விழித்திரைப் படங்களைக் கொண்டு இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்க முயன்ற ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரிந்தனர். ஜெர்மானிய வேதியியலர் பேயர் 1871-இல் உருவாக்கிய ஃப்ளோரசீன் என்னும் சாயம் அவர்கள் கைக்கு வந்தது. நீல ஒளி பட்டால் அது மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். பூனைகளின் கண்ணில் சாயம் ஓடுவதை அதற்கு முன்பே படமெடுத்தோர் உண்டு. இவ்விருவரும் மனிதக் கண்ணுக்கு வந்தார்கள். விளக்கின்முன் நீல வடிகட்டி. படச்சுருளின்முன் நீலத்தைத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும் வடிகட்டி. இப்போது படத்தில் பதிவது சாயம் ஓடும் பாதை மட்டுமே. யார் கையில் ஊசி போடுவது? நாணயத்தைச் சுண்டினார்கள் என்றும், தோற்ற ஆல்விஸ் கையை நீட்டினார் என்றும் சொல்லப்படுகிறது. கண் மருத்துவ ஏடு ஒன்று அவர்களுடைய கட்டுரையில் புதுமை இல்லையென்று திருப்பியனுப்பியது. 1961-இல் அதை வெளியிட்டது இதய நோய் மருத்துவர்களின் ஏடு!

ஹஜ்ரத்தின் கேள்விக்கும் இங்கேதான் விடை. கைநரம்பில் ஏறிய சாயம் இதயத்துக்குச் சென்று, நுரையீரலைச் சுற்றி, மீண்டும் இதயத்துக்கு வந்து, கழுத்தின் வழியே மேலேறி ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு வினாடிகளில் கண்ணை அடைகிறது. இப்னுந் நஃபீஸ் எழுதிய பாதையைக் கடந்தே அது செல்கிறது என்பதை எண்ணி நாம் வியந்தோம். முதலில் தமனிகள் ஒளிர்கின்றன, பிறகு நுண்குழாய்கள், பிறகு சிரைகள். நலமான விழித்திரைக் குழாயிலிருந்து சாயம் ஒரு துளியும் வெளியேறாது. சர்க்கரையால் நலிந்த குழாயிலோ புடைப்புகள் ஒளிப்புள்ளிகளாகத் தெரிகின்றன. கசியும் இடம் மங்கலாகப் படர்ந்து ஒளிர்கிறது. இரத்தமே செல்லாத இடம் கருந்திட்டாகக் கிடக்கிறது. நோயாளிக்கு இவற்றுள் எதுவும் நெடுநாள் தெரிவதில்லை, வலியும் இராது.

1976-இல் 1,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வு, முற்றிய நிலையிலும் ஒளிக்கற்றைச் சிகிச்சை கடும் பார்வையிழப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கிறது என்று காட்டியது. ஊசியே இல்லாத முறையும் இன்று உண்டு. 1991-இல் அறிமுகமான ஓ.சி.டி. கருவியின் வழிவந்த அம்முறை, ஒரே இடத்தை அடுத்தடுத்துப் படமெடுத்து ஒப்பிடுகிறது. அசையாத தசை மாறாது; ஓடும் இரத்த அணுக்கள் இருக்கும் இடம் மட்டும் மாறித் தெரியும். ஆனால் கசிவை அது காட்டாது. ஆகவே பழைய சாயத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது.

அன்று ஹஜ்ரத்தின் கண்களில் மருந்து விட்டிருந்ததால் திரையில் இருந்த படத்தை அவரால் பார்க்க இயலவில்லை. "நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். வலக்கண்ணில் விடிவெள்ளிகளைப்போல் புள்ளிகள். அவற்றைச் சுற்றிக் கசிவு. இடக்கண்ணின் நடுவே அகன்ற இருள். வலக்கண்ணைக் காக்கலாம், இடக்கண்ணின் நடுப்பார்வை திரும்பாது என்றார் மருத்துவர். அஸருக்கு ஒளூச் செய்தபோது சாயத்தால் மஞ்சள் பூத்திருந்த தம் கைகளை ஹஜ்ரத் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சிகிச்சைக்குப் பின் வலக்கண் நிலைத்தது. பெரிய எழுத்துக் கிதாபை வலப்புறமாகச் சாய்த்துப் பிடித்து இன்றும் பாடம் நடத்துகிறார். அடுத்த மாதமே தம் மகன்கள் இருவரையும் அதே மருத்துவமனைக்கு அவரே அழைத்துச் சென்றார். இருவருக்கும் சர்க்கரை உண்டு.